ஒன்பதாங்கட்டைக் கிணற்றுப் பால்

மறுநாள் காலையில் பத்து காஜா என்ற ஊரின் போலீஸ் நிலையத்துக்குப் போய், "தங்கச்சி புருஷனை நான்தான் கொன்றேன்" என்று கையெழுத்துப் போடப் போவதாக ஒரு மடையன் எங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி நிறுத்தி ஓர் அறை விடலாம் போல இருந்தது எனக்கு. தினேஸ்வரி அக்கா பக்கத்தில் இருந்ததால் கையை அடக்கிக்கொண்டேன்.

மடையனின் பெயர் யுகேந்திரன். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகும் சுரங்க வேலையில் பாறைக்கு வெடி வைப்பவன். போன வாரம் அவன் வெடி வைத்தான். புகை அடங்கியதும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று விசில் ஊதினான். கூரைக்குக் கம்பி அடிக்க முதல் ஆளாக உள்ளே போன தீபன் மேல் கூரையே இறங்கிவிட்டது. தீபன், யுகேந்திரனின் ஒரே தங்கை துளசியின் கணவன். வெடிமருந்தை அளவுக்கு மீறிப் போட்டதால் கூரை ஆட்டம் கண்டது என்று கம்பெனி கைகழுவிவிட்டது. இவனும் ஆமாம் சாமி போடுகிறான். இவன் மனைவி குமுதா ஒருத்திதான் இல்லை என்கிறாள். ஈப்போ புந்தோங்கில் இருக்கும் அந்த வீட்டுக்கு எங்களை வரவழைத்தவள் அவள்தான்.

எங்களை என்றால், துப்பறிவதற்குத் தினேஸ்வரி அக்கா. காடி ஓட்டவும் வாயடிக்கவும் மார்கஸ் ஆகிய நான். அக்கா முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்தவர். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எனக்கு நாக்கு நுனியில்.

"மருந்து கூடப் போட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"பவித்ரன் சொன்னான்கா. பாறைய சோதிக்கிற ஜியாலஜிஸ்ட். என் கூட்டாளி. எனக்காகத் தலையில அடிச்சிக்கிட்டு அழுதான்கா."

"அவன் அழுதது இருக்கட்டும். நீ எவ்வளவு போட்ட?"

"எப்பவும் போடறதுதான். ஆனா கூரை விழுந்துருச்சே. விசில் ஊதுனது நான்தான?"

"நாளைக்கு ஈப்போல வெள்ளம் வந்தா அதுக்கும் நீயே கையெழுத்துப் போட்டுரு" என்றேன். "மாநகராட்சிக்கு வேலை மிச்சம்."

அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"துளசி என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது" என்றான். "சாவுக்குப் போனேன். படி ஏற விடல. மச்சானுக்கு வாய்க்கரிசி போடக்கூட விடல. எவனாவது ஒருத்தன் உள்ள போனாதான் அதுக்கு மனசு ஆறும். நான் போறேன். விடுங்க."

சமையலறையில் குமுதா பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள். அக்கா எழுந்தார். "நாளைக்குத்தானே கையெழுத்து? இன்னிக்குப் பகல் எனக்கு. கிளம்புடா மார்கஸ்."

*

சுரங்க வாயிலில் பவித்ரன் எங்களுக்காகக் காத்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, அதன்மேல் பளபளக்கும் கம்பெனி மேலங்கி, அழுது சிவந்த கண். வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இருந்தாலும் யுகேந்திரனுக்காக என்று சொல்லி, தலைக்குத் தொப்பி கொடுத்து, விளக்குப் பிடித்து அவனே எங்களை உள்ளே கூட்டிப் போனான். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

உள்ளே வழி நெடுகச் சுவரிலும் கூரையிலும் சிமெண்டு தெளித்து மூடியிருந்தார்கள். கொஞ்ச தூரம் வெடித்து உடைக்க வேண்டும், கல்லை அள்ள வேண்டும், கூரைக்குக் கம்பி அடித்துச் சிமெண்டு தெளிக்க வேண்டும், பிறகுதான் அடுத்த வெடி. பவித்ரன் இதையெல்லாம் பொறுமையாக விளக்கிக்கொண்டே வந்தான். கடைசி வெடியின் இடம் மட்டும் மூடப்படாமல் வெறும் பாறையாக நின்றது. அதற்கு அப்பால் இடிந்து குவிந்த மண்ணும் கல்லும். தீபனை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அக்கா வெறும் பாறையில் விளக்கை அடித்தார். ஓரச் சுவரில், மூங்கிலை நீளவாக்கில் பிளந்து பதித்த மாதிரி நீட்டு நீட்டாகக் குழிவான தடங்கள். ஒவ்வொன்றும் இடிந்த இடத்தின் விளிம்புவரை நேராகப் போயின.

"இது என்ன தம்பி?"

"ஓரத்துத் துளைங்கக்கா. நடுவுல கனமா மருந்து போடுவோம். ஓரத்துல லேசாத்தான். அளவு சரியா இருந்தா பாறை துளைக்கு நடுவால பொளந்து, பாதித் துளை சுவத்துலயே நிக்கும்."

"அளவு கூடிட்டா?"

"தடம் நிக்காது. சுவரும் சேர்ந்து பிஞ்சிரும்."

"சரி. பழைய வெடிக்கெல்லாம் மேல சிமெண்டு தெளிச்சாச்சு. தெளிக்காத இடம் இது ஒண்ணுதான். அப்ப இந்தத் தடமெல்லாம் கடைசி வெடியோடதுதானே?"

பவித்ரன் தொண்டையைச் செருமினான். "சுவத்துல சரியா இருந்திருக்கலாம்கா. கூரையில கூடியிருக்கும். கூரைதான் விழுந்துருச்சே, தடத்த எங்க பாக்கறது?"

"கூரைக்கு மேல பொந்து இருந்திருந்தா?"

"முன்னாடியே நீட்டுத் துளை போட்டுப் பாத்தோம்கா. இந்த ஊரு சுண்ணாம்புப் பாறை, உள்ள எங்க குகை இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அதனால துளை போட்டுப் பாக்காம நகரவே மாட்டோம். கெட்டிப் பாறை. பக்கத்துலயே நின்னவன் நான்."

நான் அப்போது அந்தச் சிவப்புச் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கம் எதுவோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் வழுவழுவென்று கூழாங்கல், ஆற்றில் கிடப்பது மாதிரி.

"அக்கா, மலைக்கு நடுவுல ஆறு ஓடுது போல" என்றேன்.

"ஓடியிருக்கு" என்றார் அக்கா. "குகை இருந்திருக்கு. இல்லையா தம்பி?"

"இருந்திருக்கு, ஆனா எங்க துளையில மாட்டல" என்றான் பவித்ரன். அவன் குரல் உடைந்தது. "மருந்து அதிர்ச்சியில அது ஒடைஞ்சிருச்சி. யுகேந்திரன்கிட்ட இதச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சி தெரியுமாக்கா?"

அக்கா அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். கூழாங்கல்லை என் பையில் போடச் சொன்னார்.

காடியில் ஏறியதும் கதவை அவர் சாத்திய சாத்தில் என் பழைய மைவி கார் ஒருமுறை குலுங்கி நின்றது.

"கல்லப் பாத்தியா? ஒரு பக்கம் சிமெண்டுப் படலம்."

"சுரங்கம் பூரா சிமெண்டுதானேக்கா?"

"அதுதான்டா என் வயித்தெரிச்சல். குகை இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா என்ன செய்வாங்க? சிமெண்டக் கூழாக் கரைச்சி பம்பு வச்சி அடைப்பாங்க. அடைச்சிருக்காங்க, இல்ல அடைக்கப் பாத்திருக்காங்க. ஆனா இந்தக் கல்ல நான் தூக்கிட்டுப் போனா, தெளிச்ச சிமெண்டு பட்டுச்சின்னு சொல்லிட்டுப் போயிருவான். சிமெண்டு இருக்கக் கூடாத இடத்துல எனக்குச் சிமெண்டு வேணும்."

"ஹார்ட்வேர் கடையத் தவிர எல்லா இடமும் அப்படித்தான்கா."

"வாய மூடிட்டு யோசி. குகையில ஓடுற தண்ணி எங்கயாவது வெளிய வரணும்ல? சிமெண்டுக் கூழும் அது கூடத்தானே போயிருக்கும்? மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்துல என்ன இருக்கு?"

எனக்குத் தெரியும். "ஒன்பதாங்கட்டை தோட்டம்கா. தீபன் வீடே அங்கதான்."

*

ஒன்பதாங்கட்டையில் ரப்பர் மரம் ஒழிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சுற்றிலும் செம்பனை, நடுவில் இடிக்க மறந்துபோன, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில். கோயில் கிணற்றைப் பார்த்ததும் நான் பிரேக்கை மிதித்தேன். கிணற்றைச் சுற்றி மாவிலைத் தோரணம். மேலே பெரிய பேனர். 'பால் சுரந்த அம்மன் கிணறு' என்று கொட்டை எழுத்து.

பூசாரி ராமையா எங்களைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"கேள்விப்பட்டு வந்திங்களா? இந்தத் தீவாளி கழிஞ்சி வந்த முழுநிலவு அன்னிக்குதான்மா நடந்துச்சி. தண்ணி அப்படியே பாலு. கொஞ்சம் சாம்பப் பூத்தாப்புல இருந்துச்சி, அது விபூதி. விபூதி கலந்த பாலும்மா! கம்பாரு, சிலிம் ரிவரு, ஆயர் தாவார்லேருந்தெல்லாம் சனம் வந்து வரிசை நின்னுச்சி."

"எங்க ஏசு தண்ணிய ஒயினாக்குனாரு, உங்கம்மா பாலாக்கியிருக்காங்க" என்றேன். "பால் டீ ஆத்துற தே தாரேக் கடைக்காரனுக்கு உங்க சாமிதான் தோது."

"சாமி விஷயத்துல விளையாடாத தம்பி, நாக்கு அழுகிப்போகும்" என்றார் பெரியவர். அக்கா என் காலை மிதித்தார்.

"தீபன் சாவுக்கு முன்னாடியா பின்னாடியா ஐயா?"

"முன்னாடிதான். அந்தப் பிள்ளையும் வரிசையில நின்னு ஒரு பாட்டில் புடிச்சான். அம்மா அவனக் காப்பாத்தாம விட்டுட்டா. என்ன குத்தம் செஞ்சானோ."

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபத்தை விழுங்கும்போது அவர் செய்யும் வேலை அது. சாவை உண்டாக்கியவன் எங்கோ இருக்கிறான், பாவம் செத்தவன் தலையில் ஏறிக்கொண்டிருக்கிறது.

"நீங்கதான் மொதல்ல பாத்திங்களா?"

"அதுதான்மா அதிசயத்துல அதிசயம். காலையில அபிஷேகத்துக்கு எறைச்சேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சி. எம் மக ஓடியாந்து, 'அப்பா, கிணத்துல பால் வருதாமே, வாட்ஸாப்ல வந்துருக்கு'ன்னுச்சி. போடி பைத்தியம்னு திட்டி விட்டுட்டேன். மத்தியானம் பாத்தா நெசமாவே வெள்ளையாயிருச்சி!"

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்கும் உறைத்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே எவனோ சர்க்கரை வழங்கியிருக்கிறான்.

"அந்தச் செய்தி யாரு போட்டது ஐயா?"

"எனக்கு அந்த போனெல்லாம் வராதும்மா. எம் மக கிள்ளான்ல வேலைக்குப் போயிருச்சி."

"சரி, அந்தத் தீர்த்தம் ஒரு பாட்டில் எனக்கு வேணுமே."

பெரியவர் கையை விரித்தார். கிணற்றுத் தண்ணீர் பழையபடி தெளிந்துவிட்டது. கோயில் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தாகிவிட்டது. வீடுகளில் இருந்த பாட்டில்களையும், பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சேர்ப்பதாக வாட்ஸாப் குரூப்பில் சொல்லி, தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு நாளைக்கு முன்புதான் வீடு வீடாக வாங்கிப் போனார்களாம்.

எவனோ எங்களுக்கு முன்னால் துடைத்துக்கொண்டே போகிறான்.

"எல்லா வீட்டுலயும் வாங்கிட்டாங்களா?" என்று கேட்டார் அக்கா. "தீபன் வீட்டுல?"

ராமையா பதறிவிட்டார். "என்னம்மா கேக்குற? எழவு விழுந்த வீடு. கருமாதி ஆகாம அந்த வீட்டுத் தீர்த்தத்தத் தொடலாமா? தீட்டு ஒட்டிக்காது? அந்தப் படிய யாருமே மிதிக்கல."

அக்கா ஓடவே ஆரம்பித்துவிட்டார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

*

துளசியின் வீட்டு வேலிக்கு வெளியே கம்பெனி ஹைலக்ஸ் வண்டி நின்றது. பவித்ரன் அரிசி மூட்டையை வேலிக்கு உள்பக்கமாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"கருமாதிச் செலவுக்கு என்னால ஆனதுக்கா" என்றான். "துளசிகிட்ட நீங்க பேசுங்க. யுகேந்திரன மன்னிச்சிரச் சொல்லுங்க. நான் உள்ள வரல. நானும் இந்தத் தோட்டத்துலயே பொறந்தவன், அம்மா இன்னும் பின் லயத்துலதான் இருக்கு, தீட்ட வீட்டுக்குக் கொண்டு போனா திட்டும்."

துளசி கதவிலேயே எங்களை மறித்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை, நெருப்புதான் இருந்தது.

"எங்கண்ணனுக்காகப் பேச வந்திங்களா?"

"இல்ல. உன் புருஷனுக்காக வந்தேன்" என்றார் அக்கா. "எவனோ பொய் சொல்லித்தான் அவன உள்ள அனுப்பியிருக்கான். அது எவன்னு உன் சாமி ரூம்ல இருக்கு. காட்டு."

அவள் அக்காவை முறைத்துப் பார்த்தாள். பிறகு வழி விட்டாள்.

சாமிப் படங்களைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். விளக்கு ஏற்றவில்லை, யாரும் எதையும் தொடவில்லை. மூலையில் பெரிய மினரல் வாட்டர் பாட்டில் ஒன்று, குங்குமப் பொட்டோடு நின்றது. பாதிக்கு மேல் தண்ணீர். அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிற வண்டல்.

அக்கா அதை எடுத்து அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார்.

தண்ணீர் மூடிப் பக்கம் இறங்கியது. வண்டல் இறங்கவில்லை. மேலே போன அடிப்பாகத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. நான் சாவியால் தட்டினேன். டொக் டொக் என்றது.

"சாமி, இது கல்லாயிருச்சேக்கா!"

"சுண்ணாம்பு மாவா இருந்தா ஆயுசுக்கும் சேறாத்தான் கிடக்கும். தண்ணிக்குள்ளயே இறுகுறது சிமெண்டுதான். ஆத்துக்குள்ள பாலத்துக்குத் தூணு எப்படி நிக்குதுன்னு நினைச்ச?" அக்கா துளசியிடம் திரும்பினார். "இத எப்பப் புடிச்சதுன்னு நிரூபிக்க ஏதாவது இருக்காம்மா?"

துளசி தன் போனைத் தேடி எடுத்து நீட்டினாள். படத்தில் தீபன் கிணற்றடியில் நின்று பாட்டிலைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வெள்ளை வெளேரென்ற பாட்டில், அதே பச்சை மூடி.

"செத்தவன் எழுந்து வந்து இத நிரப்பலல்ல" என்றார் அக்கா. "அப்ப இடிஞ்சதுக்கு முன்னாடியே சிமெண்டு இந்தக் கிணத்துக்கு வந்துருச்சி. மலைக்குள்ள குகை இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். அடைக்கப் பாத்திருக்காங்க, அடங்கல, எல்லாம் இங்க ஓடியாந்துருச்சி. கம்பி கூடுதலா அடிச்சி, மெதுவா, வேற மாதிரி போயிருக்கணும் அந்த இடத்துல. அதுக்கு நாளாகும். உங்கண்ணன்கிட்ட கெட்டிப் பாறைன்னு சொல்லி வெடி வைக்கச் சொல்லிட்டாங்க. அவன் அளவாத்தான் வச்சான். அளவா வச்சாலும் விழற கூரை அது."

துளசி பாட்டிலைப் பார்த்தபடி நின்றாள்.

"தெனமும் காலையில இதுலேருந்து ஒரு மூடி ஊத்திக் கொடுப்பேன்" என்றாள். "அம்மா காப்பாத்துவான்னு சொல்லிக் கொடுப்பேன். குடிச்சிட்டுத்தான் உள்ள போவாரு."

எதையாவது எடுத்து உடைக்கலாம் போல இருந்தது எனக்கு.

"கிணத்துல பால் வருதுன்னு மொதல்ல ஒரு செய்தி வந்துச்சாமே" என்றார் அக்கா. "உங்கிட்ட இருக்கா?"

"அவரு போன்ல இருக்கும். குரூப்ல அவரும் இருந்தாரு."

தீபனின் போன் கண்ணாடி நொறுங்கிப் போயிருந்தது, ஆனால் உயிர் இருந்தது. துளசி மேலே தள்ளித் தள்ளித் தேடினாள். பௌர்ணமி அன்று, விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு குரல் பதிவு. அவள் அதைத் தொட்டாள். சத்தம் முழுதாக வைத்திருந்தது போல, வீடு முழுக்கக் கேட்டது.

"சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம். நம்ம அம்மன் கிணத்துல இன்னிக்கு விபூதி கலந்த பால் சுரக்குது. யாரும் பயப்படாதீங்க, வெளி ஆளுங்ககிட்ட கம்ப்ளேன் கிம்ப்ளேன்னு போகாதீங்க. தண்ணியில கோளாறு இல்ல, இது அம்மாவோட கருணை. ஆளுக்கு ஒரு பாட்டில் புடிச்சி சாமி ரூம்ல வைங்க."

அந்தக் குரலைக் காலையில்தான் நான் சுரங்கத்துக்குள் கேட்டிருந்தேன். அப்போது அது அழுதுகொண்டிருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலிக்கு வெளியே பவித்ரன் இரண்டாவது அரிசி மூட்டையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். அவன் குரல் அவனுக்கும் கேட்டிருக்கிறது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஹைலக்ஸ் பக்கம் திரும்பினான்.

நான் பின்கதவால் ஓடி, வேலியைத் தாண்டி, அவனுக்கு முன்னால் வண்டிச் சாவியை உருவிக்கொண்டேன். கால்சட்டை கிழிந்தது. கவலைப்படவில்லை.

"எங்க அவசரம்? தீர்த்தம் வாங்காம போறிங்க?"

"மார்கஸ், சொல்றதக் கேளுங்க. பெரிய பாஸ்தான்..." அவன் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டான். "துளையில குகை பட்டுச்சிக்கா. தண்ணி பாய்ஞ்சிச்சி. அன்னிக்கே இங்க கிணத்துல தண்ணி எறங்கிருச்சின்னு அம்மா போன்ல சொல்லுச்சி. ரெண்டும் ஒரே தண்ணின்னு தெரிஞ்சி போச்சி. ராத்திரி பூரா சிமெண்டு பம்பு பண்ணோம், அடங்கவே இல்ல. கிணறு வெளுக்கும்னு எனக்குத் தெரியும். சனங்க கம்ப்ளேன் பண்ணா ஆளுங்க வந்து சோதிப்பாங்க, வேலை நின்னுரும், உன் வேலையும் ஹபிஸ், அவ்வளவுதான்னு பாஸ் சொன்னாரு. நான் என்ன செய்ய முடியும்?"

"அதான் அம்மன இழுத்து முன்ன நிறுத்திட்ட" என்றார் அக்கா. அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை. "இந்தச் சனம் எது சொன்னா கேள்வி கேக்காதுன்னு உனக்குத் தெரியும். இங்க பொறந்தவன் நீ. உன் ஆத்தா குடிக்கிற தண்ணிடா அது! அப்புறம் கூட்டாளிகிட்டப் போய், நீதான் கொன்னேன்னு சொல்லி, கூட உக்காந்து அழுதிருக்க. பாட்டிலையும் வீடு வீடா வாங்கி ஒழிச்சாச்சு. இந்த ஒரு வீட்ட மட்டும் ஏன்டா விட்ட?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "தீட்டுக்கா" என்றேன். "ஆளக் கொல்லலாம், தீட்டு வீட்டுல கால் வைக்கலாமா? சாமி கோவிச்சுக்கும்ல?"

துளசி வெளியே வந்தாள். கருமாதிக்கு முன்னால் வாசல் தாண்டக்கூடாது என்பார்கள். அவள் படி இறங்கி, முற்றம் கடந்து, நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். அக்கம்பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ராமையாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார்.

"எங்க வீட்டுத் தீட்டு உனக்கு ஆகாதா?" என்று கேட்டாள். "இந்தத் தீட்ட உண்டாக்கினதே நீதான்டா."

விட்டாள் ஓர் அறை. காலையிலிருந்து என் கையில் ஊறிக்கொண்டிருந்த அறை அது. அவளிடமிருந்து விழுந்ததுதான் சரி. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் அரிசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அக்கா பத்து காஜா இன்ஸ்பெக்டரைப் போனில் பிடித்தார். பாட்டில், படம், குரல் பதிவு, கூழாங்கல் எல்லாவற்றையும் அடுக்கினார். "அந்தப் பெரிய பாஸையும் கூப்பிட்டு வைங்க. இவன் தனியா போக மாட்டான், அவரையும் கையப் புடிச்சிக் கூட்டிட்டுத்தான் போவான்" என்றார். ராமையா தோரணத்தையும் பேனரையும் கிழித்துப்போடக் கோயிலைப் பார்த்து நடந்தார். வழியெல்லாம் அவர் வாயில் வந்ததை இங்கே அச்சடிக்க முடியாது.

துளசி மட்டும் முற்றத்திலேயே நின்றாள். தீபனின் உடைந்த போன் இன்னும் அவள் கையில் இருந்தது. அதிலிருந்தே ஒரு நம்பரை அழுத்தினாள். அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டார்கள். ஆனால் குரல் வரவில்லை. செத்தவனின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எவனுக்குத்தான் குரல் வரும்.

"அண்ணே, நான்தான்."

"துளசி..."

"நாளைக்கு எங்கயும் போய்க் கையெழுத்துப் போடாத."

"இல்லம்மா. நான்தான் விசில் ஊதினேன். நான்தான் அவன..."

"ஊதுன. உங்கிட்ட பொய் சொன்னாங்க, நீ ஊதுன. எல்லாம் தெரிஞ்சி போச்சி. நீ செய்யல." அவள் குரல் அதுவரை கோபமாகவே இருந்தது, அப்போதுதான் லேசாகத் தடுமாறியது. "பதினாறாம் நாளு எனக்குப் பொறந்த வீட்டுக் கோடி வரணும். நீ உள்ள போய் உக்காந்துக்கிட்டா எவன்ணே எனக்குப் பொடவ கொண்டாருவான்?"

அந்தப் பக்கம் குமுதா ஏதோ கேட்பது தூரத்தில் கேட்டது. பிறகு அவன், அந்த மடையன், சிறுபிள்ளை மாதிரி விக்கிக்கொண்டே கேட்டான்.

"என்ன கலருலம்மா எடுக்கட்டும்?"

"பச்சை" என்றாள் துளசி. "அவருக்கு அதுதான் புடிக்கும்."

சொல்லிவிட்டு அவள் முற்றத்து மண்ணில் உட்கார்ந்தாள். தீபன் செத்ததிலிருந்து அழாதவள், அப்போதுதான் அழுதாள்.